கப்பல் வந்த ஊருக்கு மெசினில் போகிறோம்

எங்கள் பக்கத்தில் யாரிடமாவது ஊர்ப்பெருமை கேட்டால் முதல் வாயிலேயே தண்ணீர் வந்துவிடும். வீரமுனைக்காரர் என்றால் சீர்பாததேவியின் கப்பல். சம்மாந்துறைக்காரர் என்றால் சம்பான்கள் வந்து கட்டிய துறை. கல்முனைக்காரருக்குக் கடல், நாவிதன்வெளிப் பக்கத்தாருக்குக் கிட்டங்கி. கேட்க நன்றாகத்தான் இருக்கும். கேட்டு முடித்து, மாரிகாலத்தில் வீட்டுக்குப் புறப்பட்டால்தான் சங்கதி தெரியும். தாம்போதிக்கு மேலால் முழங்காலளவு தண்ணீர். ஓட்டோக்காரர் கையை விரிக்கிறார். வழியில் வந்த உழவு மெசின்பெட்டியில் தொற்றிக்கொண்டு, சாரத்தை ஒரு கையிலும் உயிரை மறு கையிலும் பிடித்தபடி அக்கரை சேர வேண்டும். கப்பல் வந்த ஊருக்கு நாங்கள் இப்போது போய்வரும் இலட்சணம் இது.

சீர்பாததேவி கதை தெரியாத பிள்ளை வீரமுனையில் இல்லை. சோழநாட்டு இளவரசி, வாலசிங்கனை மணந்தவள், கப்பலில் வருகிறாள். திருகோணமலைக்கு நேரே கப்பல் அசையாமல் நின்றுவிடுகிறது. தேடிப் பார்த்தால் கடலுக்குள் ஒரு பிள்ளையார். இந்தக் கப்பல் தடையில்லாமல் போய் எந்தக் கரையில் தட்டுகிறதோ அங்கே உனக்குக் கோயில் என்று நேர்கிறாள். கப்பல் தட்டிய கரை வீரமுனை, கோயில் சிந்தாயாத்திரைப் பிள்ளையார் கோயில் என்று முடியும் கதை. சரித்திரக்காரர்கள் இதில் எதைக் கொள்வார்கள், எதைத் தள்ளுவார்கள் என்பது அவர்கள் பாடு. எனக்கு ஒன்றுதான் உறைக்கிறது. வயலும் வரம்புமாகக் கிடக்கிற, கடற்கரையில் இல்லாத ஓர் ஊருக்குக் கப்பல் வந்தது என்று சொன்னவருக்குக் கூச்சம் வரவில்லை, கேட்டவரும் சிரிக்கவில்லை. அந்தக் காலத்தில் வழி இருந்திருக்கிறது.

வழியைப் படத்தில் இன்றைக்கும் பார்க்கலாம். மட்டக்களப்பு வாவி 50 கிலோமீற்றருக்கு மேல் தெற்கே நீண்டு வந்து கல்முனைக்குப் பின்புறத்தில் முடிகிறது. மேற்கே மலைப்பக்கத்திலிருந்து பட்டிப்பளை ஆறு இறங்குகிறது. அரசாங்கக் காகிதத்தில் அதற்குக் கல்லோயா என்று பெயர். சம்மாந்துறைச் சமவெளிக்கு வந்ததும் ஆற்றின் வேகம் செத்து, தண்ணீர் பரந்து, களியோடையாக ஒலுவில் பக்கம் கடலுக்குப் போகிறது. வெள்ளம் கூடினால் வடக்கே வாவிப் பக்கமும் வடியும். இப்படி ஆறும் வாவியும் கைகோத்த இடத்தில் உட்கார்ந்திருக்கிற ஊர்கள் இவை. நெல்லும் தயிரும் பன்பாயும் தோணியில் ஏறி மட்டக்களப்புக்குப் போயின; உப்பும் துணியும் இறங்கின. துறை என்று முடிகிற பெயர்களை இந்தப் பக்கத்தில் எவரும் அழகுக்காக வைக்கவில்லை.

போர்த்துக்கேயர் துரத்திய முஸ்லிம்கள் 4,000 பேரைக் கண்டி மன்னன் செனரத் 1626 அளவில் மட்டக்களப்புப் பிரதேசத்தில் குடியமர்த்தினான் என்பது பள்ளிக்கூடப் புத்தகம் வரை வந்த செய்தி. நெல் விளையும் பூமி, தோணி போகும் தண்ணீர் என்றுதான் அனுப்பியிருப்பான். தமிழ்ப் போடியாரின் நெல்லும் முஸ்லிம் வியாபாரியின் தோணியுமாக இந்தத் துறை நூற்றாண்டுக் கணக்கில் பிழைத்தது. சிறிய இடம்தான். ஆனாலும் ஆற்றுக்கு முகம் கொடுத்திருந்த இடம்.

இப்போது முதுகைக் கொடுத்துக்கொண்டிருக்கிறது. வீட்டு முற்றம் வீதிப் பக்கம், கோழிக்கூடும் கக்கூஸ் குழியும் தண்ணீர்ப் பக்கம். கடை வாசல் வீதிப் பக்கம், கழிவுக் குழாய் தண்ணீர்ப் பக்கம். கல்யாண மண்டபம் கட்டினாலும் இதே முறைதான். முன்னால் மின்விளக்குத் தோரணம், பின்னால் எச்சில் இலையும் பிளாஸ்டிக் கோப்பையும் போய் விழுகிற வாய்க்கால்.

இது எப்போது தொடங்கியது என்று கேட்டால் பெரியவர்கள் 1949 ஐச் சொல்வார்கள். டி.எஸ். சேனநாயக்க கல்லோயாத் திட்டத்தைத் தொடங்கிய வருடம். அமெரிக்கக் கம்பனி வந்து இங்கினியாகலையில் அணை கட்டியது. நாட்டின் மிகப் பெரிய நீர்த்தேக்கம், சேனநாயக்க சமுத்திரம், அங்கேதான் கிடக்கிறது. அணையால் எங்களுக்கு நன்மை இல்லை என்று சொன்னால் வாயில் புழு வரும். சிறுபோகத்துக்கு வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்த வட்டைகளுக்கு மதகுத் தண்ணீர் வந்தது. குடியேற்றத்தால் பிரதேசத்தின் சனத்தொகைக் கணக்கே மாறியது, 1961 இல் அம்பாறை தனி மாவட்டமானது என்பதெல்லாம் பெரிய அரசியல். அதைப் பேசப் பலர் இருக்கிறார்கள். நான் ஆற்றை மட்டும் பேசுகிறேன். அணைக்கு மேலே ஆற்றுக்கு ஓர் உத்தியோகபூர்வமான சொந்தக்காரர் இருக்கிறார். வாய்க்காலுக்கும் மதகுக்கும் ஆள் இருக்கிறது. வயலுக்குப் பாய்ந்து முடிந்த தண்ணீர் வடிந்து போகிறதே, அந்த வழிக்கு ஆள் இல்லை. எங்கள் ஊர்கள் அத்தனையும் அந்த வடிச்சலில் இருக்கின்றன.

ஆள் இல்லை என்று சொன்னதும் தவறு. ஆட்கள் அதிகம். மேலே சம்மாந்துறைப் பிரதேச சபை, நாவிதன்வெளிப் பிரதேச சபை. கீழே கல்முனை மாநகர சபை, காரைதீவு, நிந்தவூர். தண்ணீர் இந்த ஐந்து எல்லைக்குள்ளும் புகுந்து புறப்படுகிறது. அதற்கு மேல் நீர்ப்பாசனத் திணைக்களம், வீதி அபிவிருத்தி அதிகார சபை, கரையோரம் பேணும் திணைக்களம், கமநல சேவைகள், சுற்றாடல் அதிகார சபை. வீட்டுக்குப் பின்னால் வடிகான் அடைத்துப்போய்த் தண்ணீர் குசினிக்குள் வந்தபோது நானும் கடிதத்தைத் தூக்கிக்கொண்டு போனேன். ஒரு காரியாலயத்தில், இது கான் இல்லை, ஆற்றின் கிளை, எங்களுக்குள் வராது என்றார்கள். அடுத்த இடத்தில், ஆற்றின் கிளைதான், ஆனால் அடைத்திருப்பது மதகுக்குக் கீழே, மதகு வீதிக்குச் சொந்தம் என்றார்கள். வீதிக்காரர் கொங்கிறீற்றுக்குத்தான் பொறுப்பாம், அதற்குள் போகிற தண்ணீருக்கு இல்லையாம். கடைசி மேசையில் இருந்த பிள்ளை நல்ல மரியாதையான பிள்ளை. “ஐயா, ஒரு போட்டோ எடுத்து இணைச்சுத் தாங்க” என்றது. எடுத்துக் கொடுத்தேன். போட்டோ இன்னும் அந்தக் கோப்புக்குள் காய்ந்தபடி பத்திரமாக இருக்கும். என் குசினிதான் காயவில்லை.

ஆற்றுவாழையைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் என் வயிற்றெரிச்சல் அடங்காது. கிட்டங்கித் தாம்போதியில் போய் நின்று பாருங்கள். பச்சைப் பாய் விரித்த மாதிரி கண்ணுக்கெட்டிய தூரம் ஆற்றுவாழை, இடைவெளியில் சல்பீனியா, ஊதாப் பூ வேறு. வெளியூரிலிருந்து வருகிறவர்கள் இறங்கி நின்று படம் எடுக்கிறார்கள். அந்தப் பூவுக்குக் கீழேதான் எங்கள் பிரச்சினை இருக்கிறது. தாம்போதிக்கு அடியில் தண்ணீர் போகக் குழாய்கள் வைத்திருக்கிறார்கள். மழை தொடங்கியதும் மேலேயிருந்து வரும் வாழைத் திட்டு குழாய் வாயில் வந்து சொருகும். அதன்மேல் கம்பு, பொலித்தீன், பம்பர்ஸ், செத்த நாய். குழாய் அடைபட்டதும் தண்ணீர் வேறென்ன செய்யும், ஏறி வீதியால் போகிறது. அதற்குப் பிறகுதான் எல்லோருக்கும் ஆறு ஞாபகம் வரும். பெக்கோ வரும். பெக்கோவுக்குப் பக்கத்தில் பிரமுகர் வந்து நிற்பார், படம் எடுபடும். வாழையை அள்ளிக் கரையிலேயே குவித்துவிட்டுப் போவார்கள். ஏற்றிக்கொண்டு போக வாகனத்துக்குச் செலவு மதிப்பீட்டில் இடமில்லையாம். அடுத்த பெருமழைக்குக் குவியல் வழுக்கித் திரும்ப ஆற்றுக்குள் இறங்கும். ஒரே வாழையை எத்தனை தரம் அள்ளிப் பில் போட்டிருப்பார்கள் என்பதை அந்த வாழைதான் சொல்ல வேண்டும்.

இந்தச் செடி ஏன் இப்படிக் கொழுக்கிறது என்று கேட்கிறவர் குறைவு. அதற்கு நாங்கள் போடுகிற சாப்பாடு அப்படி. வயலுக்கு எறிந்த யூரியாவில் ஒரு பங்கு வடிச்சலோடு வருகிறது, கூடவே கக்கூஸ் குழிகளின் ஊற்று, இறைச்சிக்கடைக் கழிவு, ஆலைத் தண்ணீர். தண்ணீரும் அசையாமல் கிடக்கிறது. தென்னமெரிக்காவிலிருந்து அழகுச் செடியாக இந்தப் பக்கத்து நாடுகளுக்குள் வந்தது, இங்கே தாய்வீட்டிலும் பார்க்கச் சுகமாக வாழ்கிறது. அதன் நிழலில் விராலும் சுங்கானும் மூச்சுமுட்டுகின்றன. வீச்சுவலைக்காரன் வலையை வீசினால் அது தண்ணீரைத் தொடாமல் இலைமேல் படுக்கிறது. முதலைக்கு மட்டும் நல்ல மறைவு.

இதற்குத் தம்பி முறையானது சாய்ந்தமருதுத் தோணா. வெள்ளத்தைக் கடலுக்குக் கொண்டுபோக இயற்கை தந்த வடிகால். அதைத் துப்பரவாக்குவதும், அது நாறுவதும், மறுபடி துப்பரவாக்குவதும் ஒரு சடங்காகவே ஆகிவிட்டது. குப்பையைத் தண்ணீரில் போடாமல் ஓரிடத்தில் சேர்ப்போம் என்று அட்டாளைச்சேனைக்கு அங்கால் பள்ளக்காட்டுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே காட்டு யானைகள் வந்து பொலித்தீனோடு தின்று செத்ததை 2022 இல் உலகப் பத்திரிகைகள் எல்லாம் படம் போட்டன. எங்கள் பிரதேசத்தின் பெயர் வெளிநாட்டுக்கு எட்டுவது இப்படியான விஷயங்களில்தான்.

1990 ஐத் தாண்டிக்கொண்டு இந்தத் தண்ணீரைப் பற்றி எழுத முடியாது. அந்த ஆகஸ்ட் 3 ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் நின்றவர்கள் கொல்லப்பட்டார்கள். 12 ஆம் திகதி எங்கள் வீரமுனைப் பிள்ளையார் கோயிலில் அடைக்கலம் தேடி இருந்தவர்கள் கொல்லப்பட்டார்கள். அதே நாட்களில் ஏறாவூரிலும். ஊர் கலைந்தது. பிறகு திரும்பிவந்து, எரிந்த சுவரில் கூரை போட்டு, மறுபடி விதைத்தது. நெல் விற்பனவும் கடைக் கொப்பிக் கணக்கும் வீரமுனைக்கும் சம்மாந்துறைக்கும் நடுவே மெல்ல மெல்லத் திரும்பின. சாப்பாட்டு விஷயம், அது எப்படியும் திரும்பும். திரும்பாமல் போனது ஆற்றின்மேல் இருந்த கூட்டு உரிமை. முன்பு இரண்டு பக்கத்துப் பெண்களும் ஒரே துறையில் இறங்கிப் பன் வெட்டினார்கள், ஒரே கரையில் சீலை காய்ந்தது. இப்போது தண்ணீர் எல்லைக்கோடு. எல்லையை எவரும் கூட்டித் துப்பரவாக்குவதில்லை. அடுத்தவன் பக்கம் போகட்டும் என்று எறிவார்கள்.

எல்லை என்றால் எங்களுக்கு உயிர். 2019 இல் கல்முனை வடக்குப் பிரதேச செயலகத்துக்காக ஒரு பக்கம் உண்ணாவிரதம், மறுபக்கம் எதிர்ச் சத்தியாக்கிரகம். 2020 பெப்ரவரியில் சாய்ந்தமருதுக்குத் தனி நகரசபை என்று வர்த்தமானி வந்தது, வெடி கொளுத்திய புகை அடங்குவதற்குள் அதைத் திருப்பியும் எடுத்துக்கொண்டார்கள். இந்தக் கோரிக்கைகளில் நியாயம் இல்லை என்று நான் சொல்ல வரவில்லை; அவரவர் காரணம் அவரவருக்கு. ஆனால் வரவேற்பு வளைவு எந்த மூலையில் நிற்க வேண்டும் என்று இரத்தம் கொதிக்கிற ஊரில், வடிகான் எந்த மூலையால் போக வேண்டும் என்று எவருக்கும் ஒரு சொட்டும் கொதிப்பதில்லையே, அதுதான் எரிச்சல்.

இடையிடையே ‘புத்துயிர்’ என்று ஒன்று வரும். ஆற்றங்கரைக்கு நடைபாதை, சீமெந்து வாங்கு, செல்பி எடுக்க ஊர்ப்பெயரில் பெரிய எழுத்து, சூரிய ஒளி விளக்கு. விளக்கின் பற்றரி முதலில் காணாமல் போகும். பிறகு வாங்கில் உட்கார்ந்தால் மூக்கைப் பிடிக்க வேண்டியிருக்கும், ஏனென்றால் முன்னால் இருக்கிற தண்ணீரை யாரும் தொடவில்லை. எங்கள் ஆட்கள் சிங்கப்பூருக்குப் போய்வந்து அங்கத்தைய ஆற்றங்கரையைப் பற்றிப் பேசும்போது எனக்குச் சிரிப்பு வரும். அங்கே 1977 இல் பிரதமர் லீ குவான் யூ ஆற்றைத் துப்பரவாக்கப் பத்து வருடத் தவணை வைத்தார். அதுவும் சாக்கடையாக நாறிக் கிடந்த ஆறுதான். சரக்குத் தோணிகளும் சம்பான்களும் நெருக்கியடித்த ஆறு. அவர்கள் வாங்கு போட்டுத் தொடங்கவில்லை. பன்றிப் பண்ணைகளை எடுத்தார்கள். தெருவோரச் சாப்பாட்டுக் கடைகளுக்குக் கழிவுநீர்க் குழாயுள்ள கட்டடம் கட்டிக் கொடுத்து உள்ளே அனுப்பினார்கள். குடிசைகளில் இருந்தவர்களுக்கு மாடிவீடு கொடுத்தார்கள். 1983 இல் சரக்குத் தோணிகளைப் பாசிர் பாஞ்சாங்குக்கு மாற்றினார்கள். அதில் பிழைப்பை இழந்தவர்களும் உண்டு, மறைக்க வேண்டியதில்லை. ஆனால் 1987 இல் தண்ணீர் தண்ணீராக இருந்தது. வாங்கும் விளக்கும் அதற்குப் பிறகு.

நாங்கள் தலைகீழ். ஒலுவில் துறைமுகத்தைப் பாருங்கள். சம்மாந்துறையில் பிறந்த எம்.எச்.எம். அஷ்ரஃப் கப்பல்துறை அமைச்சராக இருந்தபோது கண்ட கனவு அது. பழைய துறை தூர்ந்த பூமியில் புதிய துறை கேட்டதில் எனக்கு இன்றைக்கும் குறை தெரியவில்லை. 2000 இல் அவர் ஹெலிகொப்டர் விபத்தில் போய்விட்டார். டென்மார்க் கடனில் 2008 இல் வேலை தொடங்கி, 2013 இல் பெரிய ஆரவாரத்தோடு திறந்தார்கள். கடல் தன் மணலை இந்தக் கரையில் தெற்கிலிருந்து வடக்கே இழுத்துக்கொண்டு போகும் என்பது கரைவலைக்காரர் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அலைதடுப்பு நீட்டிக்கொண்டு நின்றதும் மணல் வாயில் வந்து குவிந்தது, வடக்கே ஒலுவில், நிந்தவூர்க் கரை தென்னையோடு கடலுக்குள் போனது. வள்ளக்காரர் துறைமுகத்துக்குள் அகப்பட்டுக்கொண்டு, மணலைத் தோண்டு என்று வீதியில் இறங்கினார்கள். ஆற்றின் துறையைப் பாழாக்கி முடித்த நாங்கள், கடலிலும் ஒரு துறை கட்டி அதையும் தூர்த்துக் காட்டினோம்.

2024 நவம்பர் 26. இதை எழுதும்போது கேலி தானாக நின்றுவிடுகிறது. நிந்தவூர் மத்ரசாவிலிருந்து சம்மாந்துறைப் பக்கம் வீட்டுக்குத் திரும்பிய பிள்ளைகள், வேறு வாகனம் போகாததால் மெசின்பெட்டியில் ஏறினார்கள். காரைதீவுக்கும் மாவடிப்பள்ளிக்கும் நடுவே வீதியைக் குறுக்கறுத்த வெள்ளம் மெசினைப் புரட்டியது. நாட்கணக்கில் தேடி வயலுக்குள்ளும் புதருக்குள்ளுமிருந்து ஜனாசாக்களை எடுத்தார்கள். அந்த வாரம் வீரமுனையிலும் அடுப்பு சரியாக எரியவில்லை. பிறகு விசாரணை, அறிக்கை, பாலம் உயர்த்தப்படும் என்ற வாக்குறுதி. உயர்த்தத்தான் வேண்டும். கிட்டங்கிக்கும் பாலம் வேண்டும். ஒவ்வொரு தேர்தலிலும் மேடையில் கட்டி முடிக்கப்படுகிற பாலம் அது. ஆனால் பாலத்தை எவ்வளவு உயர்த்தினாலும் அதற்குக் கீழே தண்ணீர் போக வழி விடாவிட்டால், வீதி தப்பும், வீடுகள் தாழும். இதைச் சொன்னால் அபிவிருத்திக்கு எதிரானவன் என்கிறார்கள்.

சம்மாந்துறையில் எனக்குத் தெரிந்த ஒரு காக்கா இருக்கிறார், வயல்களுக்குத் தண்ணீர் பங்கிட்ட முன்னாள் வட்டவிதானை. தண்ணீர்ச் சண்டையில் மண்டை உடைந்தவர், மண்டை உடைத்தவர்களையும் சமாதானம் செய்தவர். அவரிடம் புலம்பியபோது சொன்னார்: “தம்பி, தண்ணி வாறத்துக்குக் கூட்டம் வெக்கிறானுகள். தண்ணி போறத்துக்கு ஆரு கூட்டம் வெச்ச?”

அந்த ஒரு கேள்வியில் எல்லாம் இருக்கிறது. ஒவ்வொரு போகத்துக்கும் முன்பு நீர்ப்பாசனக் கட்டளைச் சட்டப்படி ஆரம்பக் கூட்டம் கூடுகிறது. தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர், எல்லா வட்டைக்காரரும் ஒரே மண்டபத்தில். தண்ணீர் திறக்கும் திகதி, விதைப்பு முடியும் திகதி, தண்ணீர் பூட்டும் திகதி எல்லாம் கத்தி, மேசையில் அடித்து, கடைசியில் முடிவாகும். முடிவை மீறினால் வழக்கு. 1980களின் தொடக்கத்தில் கல்லோயா இடதுகரைக் கால்வாயைத் திருத்தியபோது, கமநல ஆராய்ச்சிப் பயிற்சி நிறுவகமும் கோர்னெல் பல்கலைக்கழகமும் இளைஞர்களை வட்டைகளுக்கு அனுப்பி விவசாயிகளைக் குழு சேர்த்தன. நீர்த்தேக்கத்தில் தண்ணீர் வற்றிக் கிடந்த 1981 சிறுபோகத்தில், தலைப்பக்கத்துச் சிங்கள விவசாயிகள் தங்கள் முறையில் மிச்சம் பிடித்து வால்பக்கத்துத் தமிழ் பேசும் விவசாயிகளுக்கு விட்டார்கள். நாடே இனத்தீயில் கருகத் தொடங்கிய வருடம் அது. இன்றைக்கும் உலகத்தில் நீர்ப்பாசனம் படிக்கிறவர்கள் கல்லோயாவை அதற்காகப் படிக்கிறார்கள். இங்கே இருக்கிற எங்களுக்குத்தான் அந்தப் பாடம் ஞாபகத்தில் இல்லை.

ஆக, சேர்ந்து உட்காரத் தெரியாதவர்கள் அல்ல நாங்கள். நெல்லுக்காக உட்காருவோம். அதே கூட்டத்தில், அதே மேசையில், வடிச்சலுக்கும் ஒரு திகதி வைத்தால் என்ன? ஒக்டோபர் முடிவதற்குள் கிட்டங்கிக் குழாய்களைத் திறந்து காட்ட வேண்டும், அள்ளிய வாழையைக் கரையில் வைக்காமல் ஏற்றி இறக்க வேண்டும், தோணா முகத்துவாரத்தை யார் எப்போது வெட்டுவது என்று பெயரோடு எழுத வேண்டும், ஐந்து சபையும் கீழே கையெழுத்து வைக்க வேண்டும். கேட்டது இவ்வளவுதான். கேட்டுப் பார்த்தேன், போகக் கூட்டமொன்றில் எழுந்து நின்று. மேடையில் இருந்தவர் பொறுமையாகக் கேட்டார், தலையும் ஆட்டினார், நல்ல யோசனை என்று பாராட்டினார். பிறகு, அது இன்றைய நிகழ்ச்சி நிரலில் இல்லை, எழுத்தில் தாருங்கள் என்றார். அடுத்த விடயம் கட்டாக்காலி மாடுகளை வட்டையிலிருந்து வெளியேற்றும் திகதி. மாட்டைப் பற்றி ஒரு மணித்தியாலம் பேசினோம்.